கலப்பை இல்லாத குடிசை

பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தின் குடியானவர் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் ஆட்ரியான் வான் ஓஸ்டாடே திறந்துவைத்த கதவு வழியாகத்தான் இருக்கும். கரி படிந்த உத்தரம், பரணுக்கு ஏறும் ஏணி, விரிசல் விட்ட சன்னல், தொட்டில், கணப்பருகே குந்தியிருக்கும் ஆள், மடியில் குழந்தையோடு ஒரு தாய், கீழே சிந்தியதை நக்கும் நாய். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், டிரெஸ்டன், வாஷிங்டன் என்று எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இந்த வீடு நமக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: அன்றைய எளிய உழவர் குடும்பத்தின் வாழ்க்கை, உள்ளது உள்ளபடி. இந்தப் பாராட்டைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓவியன் கைவண்ணத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 'உள்ளது உள்ளபடி' என்பதில்தான் வழக்கு.

முதலில் ஆளைப் பற்றி. ஓஸ்டாடே 1610-இல் ஹார்லெம் நகரில் பிறந்தார், 1685-இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தகப்பனார் நெசவாளி, தெற்கே பிரபாண்ட் பகுதியில், ஐந்தோவன் அருகே ஓஸ்டாடே என்ற சிற்றூரிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர். மகன்கள் இருவரும் அந்த ஊர்ப் பெயரைத்தான் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். தம்பி ஐசக்கும் ஓவியர், 1649-இல் முப்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். ஆட்ரியான் 1634-க்குள் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர், 1647-இல் அதன் நிர்வாகிகளில் ஒருவர், 1662-இல் தலைவர். இரண்டாவது மனைவி ஆம்ஸ்டர்டாமின் வசதியான கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆக, ஐம்பது ஆண்டுகள் குடிசைகளை வரைந்தவர் பிறந்ததும் வாழ்ந்ததும் நாட்டின் பெரிய நெசவு நகரங்களில் ஒன்றில். கிராமம் அவருக்குத் தகப்பன் விட்டுவந்த ஊர், பெயரில் ஒட்டிக்கொண்ட ஊர். ஒருவர் தான் வாழாத வாழ்க்கையை வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'பதிவு' என்று சொல்கிறவர்கள் இந்தத் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவர் தொடங்கிய இடம் குடும்பமே அல்ல, சாராயக்கடை. 1630-களின் ஓஸ்டாடே படங்களில் குடியானவர்கள் குடிக்கிறார்கள், சீட்டாட்டத்தில் சண்டை போடுகிறார்கள், முக்காலியைத் தூக்கி மண்டையில் அடிக்கப் போகிறார்கள். உருளைக்கிழங்கு மூக்கு, குட்டைக் கால், பிளந்த வாய். இந்தச் சரக்கை ஹார்லெமுக்குக் கொண்டுவந்தவர் ஆட்ரியான் ப்ரௌவர் என்ற பிளெமிஷ்காரர். 1620-களில் சில காலம் அங்கிருந்துவிட்டு ஆன்ட்வெர்ப்புக்குத் திரும்பி 1638-இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், இறந்துபோனார். ப்ரௌவரும் ஓஸ்டாடேயும் ஹார்லெம் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸிடம் ஒன்றாகப் பயின்றார்கள் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த ஹவ்ப்ராகன் எழுதிவைத்தார். அது உண்மையோ இல்லையோ, பாடம் எங்கே நடந்திருந்தாலும் ப்ரௌவரின் பிடி ஓஸ்டாடேயின் இளமைக்காலப் படங்கள் முழுக்கத் தெரிகிறது, ஒரு வேறுபாட்டோடு. ப்ரௌவரின் குடிகாரனுக்கு வலிக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் அவருடைய 'கசப்பு மருந்து' படத்தில் ஒரு முகம் சுளிக்கிறது. பார்க்கும் நம் நாக்கும் சேர்ந்து கசக்கிறது. ஓஸ்டாடேயின் சண்டைக்காரர்கள் யாருக்கும் வலிப்பதாகத் தெரியவில்லை. பொம்மலாட்டம். ஓவியர் ரூபன்ஸ் ப்ரௌவரின் பதினேழு படங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தார் என்றால் அந்த வேறுபாடு அவர் கண்ணுக்கும் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சிரிப்பு யாருக்கானது என்பதில் குழப்பமே இல்லை. ஆம்ஸ்டர்டாம் நாடகாசிரியர் ப்ரெடெரோவின் புகழ்பெற்ற வேடிக்கைப் பாட்டு ஒன்று குடியானவர் விருந்தில் நடக்கும் கத்திக்குத்தைச் சொல்லிவிட்டு, நகரத்துக் கனவான்களே, இந்தப் பக்கம் வராதீர்கள் என்று எச்சரித்து முடிகிறது. ஓஸ்டாடேயின் முதல் பத்தாண்டும் அந்த எச்சரிக்கையின் வண்ணப் பதிப்புத்தான். நகரத்தான் தன் நாகரிகத்தை உறுதிசெய்துகொள்ள ஒரு முரட்டு உருவம் தேவைப்பட்டது; ஓவியன் சுவருக்கு ஏற்ற அளவில் பலகையில் தீட்டிக் கொடுத்தான். இந்தப் படங்களை 'கேலி' என்று ஒதுக்குபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் அதே முத்திரையைப் பிறகு வந்த படங்களுக்கும் குத்தும்போதுதான் சண்டை.

1640-களில் ஏதோ மாறுகிறது. சண்டை ஓய்கிறது, பெண்களும் குழந்தைகளும் படத்துக்குள் வருகிறார்கள். அதுவரை சாராயக்கடையாக இருந்த அதே இருட்டு அறை மெல்ல வீடாகிறது. காரணம் என்ன? 1648-இல் ஸ்பெயினோடு சமாதானம் வந்ததால் நாட்டின் மனநிலை தணிந்தது என்பார்கள். ஆனால் மாற்றம் சமாதானத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரெம்ப்ராண்டின் ஒளியமைப்பைக் கற்றதால் முரட்டுத்தனம் அடங்கியது என்பார்கள். ஒளி எப்படி விழ வேண்டும் என்று ரெம்ப்ராண்டிடம் படிக்கலாம், ஆனால் எதன்மீது விழ வேண்டும் என்பது வேறு முடிவு. முதல் மனைவி 1642-இல் இறந்தார், தனித்திருந்தவர் குடும்பத்தை ஏங்கி வரைந்தார் என்று ஒரு கதை கட்டலாம். அழகான கதை, ஆதாரமில்லாத கதை. எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது இன்னும் சாதாரணமான ஒன்று: வாங்குபவரின் வீடு மாறிக்கொண்டிருந்தது. கவிஞர் யாகோப் காட்ஸ் 1625-இல் வெளியிட்ட 'திருமணம்' என்ற நீண்ட நூல் பெண்ணைக் கன்னிப் பருவம் முதல் கைம்மை வரை பின்தொடர்ந்து அறிவுரை சொன்னது. தாயே பாலூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பெற்றோரே கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் பெருமைகளாயின. அந்தக் குடும்பம் தன் லட்சியத்தைக் குடிசைக்குள்ளும் பார்க்க ஆசைப்பட்டது. நேற்றுவரை தனக்கு நேரெதிரானவனாக இருந்த குடியானவன் இப்போது தன்னைப்போலவே இருக்கிறான், ஏழ்மை மட்டும் கூடுதல்.

இப்படிச் சொன்னதும் அந்தப் படங்களைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றும். எறிய முடியாதபடி தடுப்பது ஓஸ்டாடேயின் வண்ண ஓவியங்கள் அல்ல, அவருடைய அச்சுப்படங்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் முறையில் சுமார் ஐம்பது படங்களை அவர் செய்தார். கையில் எடுத்துப் பார்ப்பதற்கான சிறிய தாள்கள். 1647-இல் ஒரு குடும்பம்: பெற்றோரும் பிள்ளைகளும் ஓர் உயர்ந்த அறையின் கீழ்ப்பகுதியில் சிறுத்து இருக்கிறார்கள், மேலே உத்தரங்களும் நிழலும்தான். அடுத்த ஆண்டில் இன்னும் சிறியதாக, ஏறக்குறைய உள்ளங்கை அளவில், 'குடும்பத் தலைவன்'. தலைவன் என்ன செய்கிறான்? அதிகாரம் செய்யவில்லை, போதிக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சோறூட்டுகிறான்.

இந்த ஒரு தாளில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைய ஐரோப்பிய ஓவியத்தில் தாய் ஊட்டுவது எங்கும் உண்டு. கன்னி மேரியின் மரபு அதற்குப் பின்னால் நின்று தாங்குகிறது. தகப்பன் ஊட்டுவதற்கு அப்படி ஒரு பெரிய மரபு கிடையாது. ஆகையால் இங்கே ஓவியன் முன்மாதிரியைப் பார்த்து வரைந்தான் என்று சொல்லித் தப்பிக்க வழி குறைவு. அந்தக் கோடுகளைப் பாருங்கள்: ஆளின் முதுகு குழந்தைக்காக வளைந்திருக்கிறது, பார்வை கரண்டியின்மேல் இருக்கிறது. பழைய குட்டைக் கால், பழைய தொப்பி, மூக்குகூடப் பழையதுதான். சிரிப்புக்காகக் கண்டுபிடித்த அதே உடம்பு இப்போது சிரிப்பு மூட்டவில்லை. சாராயக்கடையில் முக்காலியைத் தூக்கிய கைக்கு ஓவியன் ஒரு கரண்டியைக் கொடுத்திருக்கிறான், கையை அழகுபடுத்தவில்லை. அன்பு அழகானவர்களின் சொத்து என்ற எண்ணம் அன்றைய ஓவியக் கோட்பாடு முழுக்க ஊறியிருந்தது. இந்தத் தாள் அதை ஒரு வார்த்தை பேசாமல் மறுக்கிறது.

1653-இன் 'உணவுக்கு முன் வேண்டுதல்' இதன் பக்கத்தில் வைக்கத் தக்கதுதான், ஆனால் ஒரு படி கீழே. ஏழைக் குடும்பம், எளிய உணவு, குனிந்த தலைகள். இந்தக் காட்சிக்கு வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். யான் ஸ்டேன், மாஸ், ப்ரேகலன்காம் என்று எத்தனையோ ஓவியர்கள் இதே வேண்டுதலை வரைந்தார்கள், விற்றார்கள். நேர்த்தியாக இருக்கிறது, எதிர்பார்த்தபடி இருக்கிறது. கரண்டிப் படத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஆய்வாளர்களின் பழைய வழக்கு ஒன்று குறுக்கே வருகிறது. 1976-இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் எடி டி யொங் நடத்திய கண்காட்சி, டச்சு அன்றாடக் காட்சி ஓவியங்கள் கற்பிக்கவும் மகிழ்விக்கவும் தீட்டப்பட்டவை, ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் அறநூல்களில் இருந்து ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டது. 1983-இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் எதிர்ப்பக்கம் நின்றார்: டச்சு ஓவியம் விவரிக்கும் கலை, புதிர் போடும் கலை அல்ல, கண்ணால் அறிவதே அதன் நோக்கம். இரண்டு கட்சியிலும் சேர நம்மூர் வாசகருக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை. யான் ஸ்டேனை எடுத்தால் டி யொங் ஜெயிக்கிறார். ஓஸ்டாடேயின் வேண்டுதல் படத்திலும் அவருக்குப் பாதி வெற்றி. கரண்டிப் படத்தில் தோற்கிறார். அங்கே ஒளிந்திருக்கும் பாடம் எதுவும் இல்லை, ஊட்டுவது ஊட்டுவதுதான். ஆனால் ஆல்பர்ஸும் முழுதாக ஜெயிக்கவில்லை. விவரிக்கும் கலை என்றால், எதை விவரிக்காமல் விட்டது என்றும் கேட்க வேண்டுமல்லவா?

அந்தப் பட்டியல் நீளமானது. குடியானவரை வரைந்தே பேர் வாங்கியவருடைய புகழ்பெற்ற படங்களில் உழவு எங்கே? ஏர் பூட்டுவது, விதைப்பது, அறுப்பது, வரப்பு, வாய்க்கால் எங்கே? வேலை இருக்கிறது: நூல் நூற்கும் பெண், பன்றி அறுப்பவர்கள், செருப்புத் தைப்பவர், ரொட்டிக்காரர், மீன் விற்பவள். எல்லாம் வீட்டு வாசலிலோ கடையிலோ நடக்கும் வேலைகள், நகரத்தில் வசிக்கும் ஓவியன் நாலு தெரு நடந்தால் பார்க்கக்கூடியவை. நிலம் மட்டும் இல்லை.

அதே ஆண்டுகளில் அந்த நிலத்தில் நடந்துகொண்டிருந்தது சாதாரண விஷயமும் அல்ல. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்ற ஏரியை நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை வைத்து இறைத்து, 1612-இல் சுமார் 7,000 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். பணம் போட்டவர்கள் நகரத்து வியாபாரிகள். சோற்றுக்கான தானியம் பால்டிக் துறைமுகங்களில் இருந்து கப்பலில் வந்தது. ஹாலந்தின் குடியானவர் பசுவை வளர்த்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சந்தைக்கு அனுப்பினார். பொருளாதார வரலாற்றாளர் யான் டி வ்ரீஸ் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாற்றத்தை விரிவாகக் காட்டியது: கடலோர மாநிலங்களின் குடியானவர் தன் தேவைக்கு மட்டும் பயிரிடும் பழைய ஆள் அல்ல, ஒரே தொழிலில் தேர்ந்து சந்தைக்காக உற்பத்தி செய்பவர். 1641-இல் ராட்டர்டாம் சந்தைக்குப் போன ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின், சாதாரணக் குடியானவன்கூட ஓவியங்களில் இரண்டாயிரம் மூவாயிரம் பவுன் போடுவதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தத் தொகையை இன்று யாரும் நம்புவதில்லை. ஆனாலும் கையில் காசு புழங்கும் குடியானவனை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஓஸ்டாடேயின் வீடுகளில் இந்தக் காசின் வாடையே கிடையாது. ஓட்டைக் கூரை, உடைந்த ஜாடி, கிழிந்த உடுப்பு, பழங்காலத் தொப்பி. சினிமாவுக்குப் போட்ட கிராமத்து செட் மாதிரி, எங்கே எது உடைந்திருக்க வேண்டும் என்று யோசித்து உடைத்திருக்கிறார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புத்தான். எல்லாக் குடியானவரும் பேம்ஸ்டர்க்காரர்கள் அல்லர். கூலியாட்கள் இருந்தார்கள், கிழக்கிலும் தெற்கிலும் மணற்பாங்கான நிலங்களில் உண்மையான வறுமை இருந்தது, தகப்பனார் விட்டுவந்த பிரபாண்டே அப்படிப்பட்ட பகுதிதான். சரி. ஆனால் அந்த வறுமைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்: மண்ணின் தரம், வரி, படைகள் வந்து போனது. ஓஸ்டாடேயின் வறுமைக்குக் காரணம் கிடையாது. குத்தகை கேட்டு வருபவன் எங்கே? கடன்காரன், வரி தண்டுபவன், சிப்பாய்? இவர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஏழ்மையை வரைந்தால் ஏழ்மை ஒரு அலங்காரமாகிவிடுகிறது. வாங்குபவருக்கு மனச்சங்கடம் தராத ஏழ்மை.

இந்தக் குற்றச்சாட்டை மிகக் கூர்மையாக நிரூபிப்பது அவருடைய அழகான படங்களில் ஒன்று. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் 'குடிசை முற்றம்', 1673. வாசலில் தாய் உட்கார்ந்து சிப்பி கழுவுகிறாள். மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், சின்னவர்கள் நாயோடு விளையாடுகிறார்கள், கொடியில் துணி காய்கிறது, சுவரில் திராட்சைக்கொடி படர்ந்திருக்கிறது, கதவருகே தகப்பன் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். வெயில் இதமானது. வண்ணம் பழுத்த பழம். ஓவியத் தொழில் தெரிந்தவர்கள் அந்தச் செங்கல்லையும் இலையையும் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், விடவேண்டியதுதான். ஆனால் தேதியைப் பாருங்கள். முந்தைய ஆண்டு, 1672, டச்சுக்காரர்கள் இன்றும் பேரழிவு ஆண்டு என்று குறிப்பிடும் ஆண்டு. பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தது. அதைத் தடுக்க அரசு மதகுகளைத் திறந்து விளைநிலங்களைத் தண்ணீரில் மூழ்கடித்தது. பல இடங்களில் குடியானவர்கள் எதிர்த்தார்கள், அவர்களை அடக்கித்தான் மூழ்கடித்தார்கள். அந்த டிசம்பரில் ஹாலந்து மாநிலத்துக்குள்ளேயே போடஹ்ராவன், ஸ்வாமர்டாம் என்ற இரண்டு ஊர்களைப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் எரித்தார்கள். குடியானவரின் வாழ்க்கையில் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய அடி விழுந்த மறுவருடம், குடியானவர்களின் ஓவியர் திராட்சைக்கொடியை வரைந்துகொண்டிருந்தார். ஓவியன் செய்தியாளன் அல்லவே என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தச் சுவர்க் குறிப்பில் இருந்து 'உள்ளது உள்ளபடி' என்பதை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு படம், லூவ்ர் அருங்காட்சியகத்தில், 1654. ஒரு நகரத்துக் குடும்பத்தின் உருவப்படம், கூலிக்கு வரைந்தது. ஒரு காலத்தில் இது ஓவியரின் சொந்தக் குடும்பம் என்று நம்பினார்கள். கறுப்பு உடை, வெள்ளைக் காலர், துப்புரவான அறை, சுவரில் படங்கள். இதில் ஒவ்வொரு முகமும் தனி முகம். மூக்குக்கு மூக்கு வேறுபடுகிறது. அதாவது, தனி மனிதரை வரைய ஓஸ்டாடேக்குத் தெரியும், கேட்டால் வரைவார். குடியானவர் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. அதனால் நூற்றுக்கணக்கான குடிசைப் படங்களில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு குடியானவர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தாய், தகப்பன், பாட்டி, குழந்தை என்ற உறவுகள் மட்டும் கிடைத்திருக்கின்றன.

ஓஸ்டாடேயை அளக்க மற்றவர்களோடும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர்களான லெ நேன் சகோதரர்களின் 'குடியானவர் குடும்பம்' இதே லூவ்ரில்தான் இருக்கிறது. 1642-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் வரைந்தது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உருவங்கள், வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை, பெரிய ரொட்டி, மதுக் கிண்ணம், குழல் ஊதும் சிறுவன், செருப்பில்லாத கால்கள். பெரியவர்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். சிரிக்கவில்லை, கெஞ்சவில்லை. என் வீட்டில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்கும் பார்வை. ஓஸ்டாடேயின் குடிசையில் இந்தப் பார்வை கிடைக்காது. பலரும் இதைவைத்தே லெ நேனுக்கு முதலிடம் தருவார்கள். நான் தயங்குகிறேன். லெ நேனின் கண்ணியம் நம்மைப் பார்த்து உண்டாகும் கண்ணியம். படம் பிடிப்பவர் வந்ததும் நிமிர்ந்து உட்காருகிற குடும்பம் அது. அங்கே யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஓஸ்டாடேயின் வீட்டில் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. குழந்தைக்குப் பசிக்கிறது, ஊட்ட வேண்டும். நம்மைக் கவனிக்க நேரமில்லை. குடியானவரின் மதிப்பை லெ நேன் உயர்த்திக் காட்டினார். குடும்பம் நடக்கும் விதத்தைப் பிடித்தவர் ஓஸ்டாடே.

யான் ஸ்டேனை நெடுநேரம் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. அவர் குடியானவர் ஓவியரே அல்லர். லைடனில் பிறந்த மதுவடிப்பவர் மகன், தானும் டெல்ஃப்ட்டில் மதுவடிசாலை நடத்தியவர், 1672-இல் சாராயக்கடை வைக்க அனுமதி வாங்கியவர். ஒழுங்கற்ற வீட்டை 'யான் ஸ்டேன் வீடு' என்று டச்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் அளவுக்கு அவருடைய குடும்பக் காட்சிகள் கலகலப்பானவை. மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய படத்தில், பெரியவர் பாடியபடியே சின்னவர் ஊதுவர் என்ற பழமொழியை வைத்து, தானே தகப்பனாக நின்று மகனுக்குப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுத்தருகிறார். வேண்டுதல் காட்சியை வரைந்தாலும் சுவரில் ஒரு பலகையை மாட்டி அதில் மிதமான வாழ்வைக் கேட்கும் பிரார்த்தனையை எழுதிவிடுவார். கெட்டிக்காரர், ஓஸ்டாடேயைவிட வாய்ச்சாலகம் அதிகம். ஆனால் அவருடைய குடும்பம் எப்போதும் எதையாவது எடுத்துக்காட்டுவதற்காக இருக்கிறது. நடிகர்கள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் வசிக்க மாட்டார்கள்.

கடைசி அளவுகோல் இருநூறு ஆண்டுகள் கழித்து வருகிறது, வரும் இடம் ஐந்தோவனுக்குப் பக்கத்திலேயே. 1885-இன் வசந்தத்தில், ஐந்தோவன் அருகே நூனன் கிராமத்தில் வின்சென்ட் வான் கோ 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தை வரைந்தார். ஓஸ்டாடேயின் நெசவாளித் தகப்பனார் விட்டுக் கிளம்பிய அதே வட்டாரம். தட்டுக்குள் நீளும் இந்தக் கைகள்தான் மண்ணைத் தோண்டின, இந்த உணவை இவர்கள் நேர்மையாகச் சம்பாதித்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். நான் மேலே நீட்டி முழக்கிய குற்றச்சாட்டு முழுவதும் அதற்குள் இருக்கிறது. கைக்கும் உணவுக்கும் நடுவில் நிலம் இருக்கிறது. ஓஸ்டாடே விட்டது அதை, வான் கோ போட்டது அதை. குடியானவர் ஓவியம் என்ற தலைப்பில் இருவரையும் நிறுத்தினால் ஓஸ்டாடேக்குத் தோல்வி, பெரிய தோல்வி. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருக்கும் ஐவரைப் பாருங்கள். ஒருவர் பார்வையை இன்னொருவர் பார்வை சந்திப்பதில்லை. உழைப்பின் மாண்பைச் சுமக்கும் வேலை அவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்தச் சுமையில் ஒருவரோடொருவர் பேசக்கூட முடியவில்லை. அங்கே ஒரு குழந்தைக்குப் பசித்தால் யார் ஊட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பாராட்டைப் பிரித்துத்தான் தர வேண்டும். குடியானவர் வாழ்வின் ஆவணம் என்ற வகையில் இந்தப் படங்கள் தேறாது. உழவை மறைத்தன, வறுமையைக் காரணமில்லாத அழகாக்கின, ஊர்கள் எரிந்த காலத்தில் வெயில் காய்ந்தன. அவற்றைப் பார்த்து அன்றைய கிராமத்தைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர், அந்தக் கிராமத்தைப் பற்றி நகரம் கண்ட கனவைத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். குடும்பம் என்ற வகையில் கதை வேறு. நகரத்து லட்சியம் என்ற கடனில் தொடங்கினாலும், 1647-க்கும் 1653-க்கும் இடைப்பட்ட அந்தச் சில தாள்களில் ஓஸ்டாடே கடனைத் தாண்டிப் போகிறார்; அவலட்சணமான உடம்புகள் ஒன்றையொன்று பேணுவதை அழகாக்காமல், பாடமாக்காமல் காட்டியவர்கள் அவருடைய நூற்றாண்டில் மிகச் சிலரே. ஓவியக் கோட்பாட்டாளர் லைரெஸ் 1707-இல், நல்ல வீடுகளின் கூடங்களில்கூடப் பிச்சைக்காரர்களும் சாராயக்கடைகளும் அழுக்குக் குழந்தைகளும் தொங்குவதாக அலுத்துக்கொண்டார். அவர் கோபம் அழுக்கின்மேல். அழுக்கு போதவில்லை என்பது என் புகார். அச்சுப்படங்களில் இருந்த கரடுமுரடு பிந்தைய வண்ணப் படங்களில் தேய்ந்து, 1670-களில் பளபளப்பாகிவிட்டது. விலை உயர்ந்தவை அவைதான், அருங்காட்சியகச் சுவரில் வெளிச்சம் போட்டுத் தொங்குபவையும் அவைதான். செப்புத் தகட்டில் இருந்து எடுத்த தாள்கள் ஒளிபட்டால் மங்கும் என்பதால் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகங்களின் அச்சுப்பட அறையில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கேட்க வேண்டியது 1648-இன் தாளை.